உள்ளங்காலில் முத்து

கும்மிடிப்பூண்டியில் கல்கத்தா ரோட்டோரம் லாரியை நிறுத்துகிறவர்கள் எல்லாருக்கும் தேசம்மாவின் பிடிவாதம் தெரியும். ரோசம்மாளின் ஆப்பக்கடைக்குப் பின்னால் ஒரு ஓலைக் குடிசையில் அவள் இருந்தாள். பொழுது விடிந்தால் கடைக்கு மாவாட்டிக் கொடுப்பாள், பாத்திரம் தேய்ப்பாள். மற்ற நேரத்தில் அவளைத் தேடி ஆண்கள் வந்தார்கள். அந்தத் தொழிலுக்கு ஊர் வைத்திருக்கும் பெயர்கள் ஊருக்கே தெரியும், அதை இங்கே வேறு சொல்ல வேண்டியதில்லை. வருகிறவன் கொம்பனே ஆனாலும் ரப்பர் உறை போட்டுக்கொண்டால்தான் உள்ளே இடம். இல்லாவிட்டால் கதவுக்குப் பதிலாகத் தொங்கிய கோணிச் சாக்கு அவன் முகத்துக்கு நேராக இறங்கிவிடும்.

செங்கல் சூளை மேஸ்திரி கலியன் ஒருமுறை வாசலில் நின்று சண்டைக்கே வந்துவிட்டான்.

"இன்னாமே, என்னப் பாத்தா சீக்குக்காரன் மாதிரியா கீது?"

"ஒனக்கு சீக்கு இல்லய்யா, எனக்குக் கீதுன்னு வச்சிக்கோ. போட்டுக்கினா உள்ள வா. இல்லாட்டி ரெண்டு ஆப்பம் துன்னுட்டு நடையக் கட்டு."

கலியன் ஆப்பமும் தின்னவில்லை. அவளுக்கு ஏதோ நோய், அதனால்தான் ரப்பர் கேட்கிறாள் என்று சூளை முழுக்கச் சொல்லிவிட்டுப் போனான். பாதி சூளை அவனை நம்பியது. ஜாக்கிரதையாக இருக்கிற பெண்ணுக்கு நோயாளி என்று பெயர். எதையும் கேட்காமல் படுப்பவள் நல்லவள். இந்த நியாயத்தை எந்த ஆண்மகன் எழுதினானோ, அவன் கையில் கரி பட!

ரோசம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் புருஷனை இழந்தவள், தேசம்மாவை விட ஒரு பத்து வயது மூத்தவள், வாய் பெரிது, மனசும் அப்படித்தான்.

"வர்றவனயெல்லாம் தொரத்திக்கினே இருந்தா சோத்துக்கு இன்னாடி பண்ணுவ?"

"ஆப்பம் துன்றேன் யக்கா."

உறைகளைத் தேசம்மா ஒரு பச்சை நிற பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தாள். அந்தக் காலத்து ரப்பர் தடிமனானது. கழுவி, துணியில் ஒற்றி எடுத்து, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி மறுபடியும் பயன்படுத்துவார்கள். லேசாக விரிசல் தெரிந்தால்கூட அடுப்பில் போட்டுவிடுவாள். ஆந்திரா பிரிந்து, ரோட்டில் தடுப்புச் சாவடி வந்த பிறகு போலீஸ் தொந்தரவு கூடியது. சாராயம் தேடி வந்த ஏட்டு ஒருவர் சாராயம் கிடைக்காத ஆத்திரத்தில் டப்பாவைத் திறந்து பார்த்தார். லத்தி முனையில் ஒரு உறையைத் தூக்கிக் காட்டி, "கேசு போட இது ஒண்ணு போதும்டி" என்றார். அன்றைக்கு அவரை எப்படிச் சமாளித்தாள் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு டப்பா ரோசம்மாளின் உமி மூட்டைக்குள் குடியேறியது.

இவ்வளவு பாடும் எதற்காக? ஒரு பிள்ளைக்காக.

தேசம்மாவுக்குத் திருவாலங்காட்டுப் பக்கம் ஊர். ரயில்வே தண்டவாள வேலைக்குப் போகிறவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவனிடமிருந்து அவளுக்குக் கிடைத்த சொத்து, படுக்கையில் ஒட்டுகிற மேகநோய். முதல் பிள்ளை செத்துப் பிறந்தது. இரண்டாவதும் அப்படியே. இரண்டாவதைப் பழந்துணியில் சுற்றி எடுத்துப் போகும்போது புருஷன்காரன் வாசலில் நின்று, "இவ வயிறு இல்ல, சுடுகாடு" என்றான். மறு மாதம் வேறொருத்தியோடு போய்விட்டான். பிறந்த வீட்டில் கூலி வேலை செய்து கஞ்சி குடிக்கிறவர்களுக்கு இவள் கூடுதல் வயிறு. அங்கிருந்து கல்கத்தா ரோட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்பது நீளமான கதையில்லை. பசித்தவர்கள் எல்லாரும் நடக்கிற வழிதான்.

உடம்பெல்லாம் புண்ணாகி அவள் போய் விழுந்த இடம் திருவள்ளூர்ப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரி. அங்கே சாராள் என்று ஒரு நர்ஸ் இருந்தாள். வாரக்கணக்கில் ஊசி போட்டு, ரத்தம் எடுத்துப் பார்த்து, கடைசியாக ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பேசினாள்.

"புள்ளைங்க செத்தது உன் தப்பு இல்ல தேசம்மா. நோவு வயித்துக்குள்ளயே புள்ளைக்கு ஒட்டிக்கும். இப்ப உன் ரத்தம் சுத்தமாயிடுச்சு. இனிமே ரப்பர் இல்லாம ஒருத்தனையும் கிட்ட சேர்க்காத. என்னைக்காவது நல்லவன் ஒருத்தன் அமைஞ்சா அவனை இங்க கூட்டிக்கிட்டு வா. அவன் ரத்தத்தையும் பார்த்துடலாம். அப்புறம் பெத்துக்கோ. உயிரோட பொறக்கும்."

தன் வயிறு சுடுகாடு இல்லை என்று ஒருத்தி சொல்லிவிட்டாள். அன்றைக்குத் தேசம்மா அழுத அழுகையில் பக்கத்துக் கட்டில்காரி பயந்துபோனாள். உயிரோட பொறக்கும் என்ற அந்த ஒரு வார்த்தையை முந்தானையில் முடிந்துகொண்டு கும்மிடிப்பூண்டிக்குத் திரும்பினாள்.

சடையப்பன் வந்தது அதற்கு அப்புறம். பொதட்டூர்பேட்டைக்காரன். நெல்லூரிலிருந்து பட்டணத்துக்கு அரிசி ஏற்றிப் போகும் லாரியின் டிரைவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, ரோட்டிலேயே காலம் போய்விட்டது என்பான். முதல் தடவை அவள் ரப்பரை எடுத்துக் கொடுத்தபோது அவன் முகம் சுளிக்கவில்லை, கேலி பேசவில்லை, வாங்கிக்கொண்டான். அவள் இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு ஆணைப் பார்த்ததில்லை. போகும்போது அவனே கேட்டான்.

"இத்த எங்கமே வாங்குற?"

"கிளீனருங்க கிட்ட சொல்லி விடுவேன். பாதிப் பேரு கொண்ணாந்து குடுக்க மாட்டானுங்க. சிரிப்பானுங்க."

"நான் கொண்ணாறேன்."

சொன்னபடி செய்தான். பட்டணத்து மருந்துக் கடையில் நாலு பேர் நிற்கும்போது கூசாமல் கேட்டு வாங்கி, செய்தித்தாளில் சுற்றி, கூடவே ஒரு முழம் கனகாம்பரமும் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பான். ஒவ்வொரு நடைக்கும் டப்பா நிறைந்தது. தேசம்மாவுக்கு மனசும் நிறைந்தது. மற்றவர்கள் வருவது குறைந்து, பெரும்பாலும் அவன் ஒருவனே வருகிறவன் என்று ஆகிப்போனது. ஆனாலும் அவனுக்கும் விதி ஒன்றுதான். அவன் கொண்டுவந்த ரப்பரையே அவனிடம் எடுத்து நீட்டுவாள். அவனும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வான்.

இங்கே மட்டும்தான் அவன் வாங்கிக்கொண்டான் என்பது அவளுக்குத் தெரியாது. நெல்லூருக்கு அந்தப் பக்கம் லாரி நிற்கிற இடங்களில் அவனை யாரும் கேட்கவில்லை. கேட்காத இடத்தில் அவனாக நினைத்துப் பார்க்கவும் இல்லை. கெட்டவன் என்று சொல்ல மாட்டேன் என்று ரோசம்மாள் பிற்காலத்தில்கூடச் சொல்வாள். சொன்னதைக் கேட்கிற பிள்ளை, சொல்லாவிட்டால் புத்தி வராத பிள்ளை.

அந்த வருஷம் கத்திரி வெயிலில் அவனுக்கு அரைக்குக் கீழே ஒரு புண் வந்தது. வலி இல்லை. லாரி டிரைவர்களுக்கு உடம்பில் எது வந்தாலும் எஞ்சின் சூடுதான். காலடியில் எஞ்சின் கொதிக்க நாள் பூராவும் உட்கார்ந்தால் சூடு ஏறத்தானே செய்யும் என்பார்கள். நீர்மோர் குடித்தான், விளக்கெண்ணெய் தடவினான். புண் தானாக ஆறிவிட்டது. தேசம்மாவிடம் அதைச் சொல்லவும் தோன்றவில்லை.

ஆடி பிறந்ததும் காய்ச்சலோடு வந்து இறங்கினான். சட்டையைக் கழற்றினால் மார்பிலும் முதுகிலும் செம்பு நிறத்தில் புள்ளி புள்ளியாக இருந்தது. ரோசம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா வந்துக்கீறாடி! மணல்வாரி."

ரோசம்மாள் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனால் அம்மை என்று வந்துவிட்டால் அவளுக்கும் மாரியாத்தாள்தான். ஏசுசாமி கோபித்துக்கொள்ள மாட்டார் என்று அவளாகவே முடிவு செய்து வைத்திருந்தாள்.

குடிசை வாசலில் வேப்பிலைக் கொத்து ஏறியது. அதைப் பார்த்ததும் மற்ற ஆண்கள் ரோட்டின் மறுபக்கமாக நடந்தார்கள். ஏட்டுகூடச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போனார். ஆத்தா உடம்பில் இருக்கும்போது மருந்து கூடாது, ஊசி கூடாது, தாளிப்பு வாசனை கூடாது. எல்லா விதியையும் தேசம்மா காத்தாள். வேப்பிலைப் படுக்கை விரித்தாள், இளநீர் கொடுத்தாள், மஞ்சள் நீர் தெளித்தாள். தலையைச் சீவவில்லை, பூ வைக்கவில்லை.

அவனுக்குக் கைகால் பிடித்துவிடும்போதுதான் அதைப் பார்த்தாள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அதே முத்துக்கள்.

"யக்கா, காலு அடியிலகூட கீது."

"எடம் பாக்காம எறங்கிக்கீறா ஆத்தா. பாரேன், முத்து நீரு கட்டல, அரிப்பும் இல்ல. சாந்தமா வந்துக்கீறா."

தேசம்மா அவன் பாதத்தைத் தூக்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். நல்ல குடும்பத்துப் பெண்கள் அவள் நிழல் படாமல் ஒதுங்கிப் போவார்கள். தண்ணீர்த் தொட்டியில் அவள் குடம் வைத்தால் கழுவிவிட்டு வைப்பார்கள். அப்பேர்ப்பட்டவள் குடிசைக்கு ஆத்தாளே குனிந்து நுழைந்துவிட்டாள்! இது போதாதா ஒரு ஜன்மத்துக்கு?

முத்து மெல்ல மெல்ல மங்கி இறங்கியது. தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். உயிர் பிழைத்தால் பெரியபாளையத்துக்கு வருகிறேன் என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். ஆடி ஞாயிறு ஒன்றில் சடையப்பன் லாரியிலேயே அவளை அழைத்துப் போனான். ஆரணியாற்றில் முழுகி, உடம்பெல்லாம் வேப்பிலை கட்டிக்கொண்டு, பவானியம்மன் கோயிலைச் சுற்றி வந்தாள். ஆயிரம் பெண்கள் வேப்பிலையோடு சுற்றினார்கள். அதில் யார் எந்தத் தெரு என்று யாருக்குத் தெரியும்? அவளும் ஒரு பெண், அவ்வளவுதான். சுற்றி முடித்து ஈரத்தோடு நின்றவள் கழுத்தில் சடையப்பன் மஞ்சள் கயிற்றைக் கட்டினான். அவளுக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. கயிறு அவன் சட்டைப் பையில் இருந்திருக்கிறது.

வீடு திரும்பிய பிறகு, பழக்க தோஷத்தில், அவன்தான் கேட்டான்.

"டப்பா எங்கமே?"

தேசம்மாவுக்குச் சாராள் சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. நல்லவன் அமைந்தால் கூட்டிக்கிட்டு வா, ரத்தம் பார்க்கலாம். அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஆத்தாளே பார்த்துக் கழுவிவிட்ட உடம்பை ஊசி குத்திப் பார்ப்பதா? அது ஆத்தாளைச் சந்தேகப்படுவது இல்லையா?

"அம்மா எறங்கிப் போன ஒடம்புய்யா ஒன்னுது. அதுக்கு மேல சுத்தம் இன்னா ஓணும்?" என்றாள். "தாலி கட்டினவன் கிட்ட போயி எவளாவது ரப்பர் கேப்பாளா?"

உமி மூட்டையிலிருந்து டப்பாவை எடுத்தாள். உள்ளே இருந்ததையெல்லாம் அடுப்பில் போட்டுவிட்டு, டப்பாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள். இத்தனை வருஷம் யார் மிரட்டியும் விடாத பிடிவாதத்தை அவளாகவே, சந்தோஷமாக, விட்டுவிட்டாள்.

சீக்கிரமே வயிற்றில் பிள்ளை தங்கியது. தொழிலை விட்டுவிட்டாள். கடை வேலையும், நடைக்கு நடை வரும் புருஷனும் போதுமென்று இருந்தாள். நடுவில் கொஞ்ச நாள் தொண்டை கரகரத்தது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. மசக்கைக்கு இதெல்லாம் உண்டு என்று ரோசம்மாள் முடித்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போய்வா என்று சடையப்பன்கூடச் சொன்னான். அவள் கேட்கவில்லை. வயிற்றோடு போனால் நர்சம்மா ரத்தம் பார்த்தியா என்று கேட்பாள், திட்டுவாள். பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு போய் நின்றால் என்ன கேட்பாள்? பார்த்து வாயடைத்துப் போவாள் இல்லையா? அந்த ஒரு காட்சியை நினைத்து நினைத்தே தேசம்மா மாவாட்டினாள்.

பெண் குழந்தை. ரோசம்மாள்தான் பிரசவம் பார்த்தாள். குழந்தை மெலிசாக அழுதது. அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் தேசம்மா, "அழுவுதா யக்கா? நெசமா அழுவுதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். இரண்டு பிள்ளை பெற்றவள் முதல்முறையாகக் குழந்தை அழுது கேட்கிறாள். பவானி என்று பெயர் வைத்தார்கள். பச்சை டப்பாவில் இப்போது வசம்பு வளையலும், கறுப்பு மணியும், சடையப்பன் பட்டணத்திலிருந்து வாங்கிவந்த கிலுகிலுப்பையும் இருந்தன.

அவன் மறுபடி நெல்லூர்ப் பக்கம் போயிருந்தபோது குழந்தைக்கு மூக்கடைத்துக்கொண்டது. பால் குடிக்கத் திணறியது. பிறகு உடம்பில் செம்பு நிறப் புள்ளிகள்.

"அப்பனுக்கு வந்தவ புள்ளையப் பாக்க வந்துட்டா" என்றாள் ரோசம்மாள். வாசலில் மறுபடியும் வேப்பிலை ஏறியது.

முதலில் தேசம்மா சந்தோஷப்பட்டாள். அதைச் சொல்லத்தான் நெஞ்சு வேகிறது. என் பிள்ளையையும் ஆத்தா தொட்டுவிட்டாள் என்று சந்தோஷப்பட்டாள். மருந்து கூடாது, வெளியே எடுத்துப் போகக் கூடாது என்று விதியெல்லாம் காத்தாள். குழந்தை நாளுக்கு நாள் இளைத்தது. முகம் கிழவி முகம் போல ஆனது. அழுகிற சத்தமும் நின்றுவிட்டது.

ஒரு காலையில் மஞ்சள் நீரைத் தொட்டுத் துடைத்துவிட்டு, குழந்தையின் பாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தூக்கினாள். உள்ளங்காலில் முத்து. சடையப்பனுக்கு இருந்த அதே நிறம், அதே இடம். நீர் கட்டவில்லை. தோல் மட்டும் ஓரத்தில் உரிந்துகொண்டு வந்தது.

உரிந்த தோலைப் பார்த்ததும் அவள் கை அப்படியே நின்றது. திருவாலங்காட்டில் செத்துப் பிறந்த அந்த இரண்டாவது பிள்ளையை, துணியில் சுற்றுவதற்கு முன்னால், ஒரே ஒரு தரம் காலைத் தொட்டுப் பார்த்திருந்தாள். அந்த உள்ளங்காலும் இப்படித்தான் உரிந்திருந்தது. அது ஆத்தா இல்லை. அது என்னவென்று சாராள் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருந்தாள்.

"ஐயோ" என்று அவள் போட்ட சத்தத்தில் ரோசம்மாள் கரண்டியோடு ஓடிவந்தாள்.

"எங்கடி தூக்கினு போற? ஆத்தா இருக்கசொல்ல ஊசி குத்தினா கோவம் பொல்லாதுடி!"

"ஆத்தா இல்ல யக்கா, ஆத்தா இல்ல" என்று சொல்லிக்கொண்டே தேசம்மா வேப்பிலையைப் பிய்த்தெறிந்துவிட்டு ரோட்டுக்கு ஓடினாள்.

மிஷன் ஆஸ்பத்திரியில் சாராள் குழந்தையை வாங்கினாள். உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள், பாதத்தைப் பார்த்தாள். வேறொன்றும் பார்க்கவில்லை. ஊசியைத் தயார் செய்துகொண்டே கேட்டாள்.

"இதோட அப்பனுக்கும் இப்படி வந்துதா? கையில, கால்ல?"

"வந்துச்சு."

"அது அம்மை இல்ல, உனக்கு வந்த அதே நோவு. அவனை இங்க கூட்டிக்கிட்டு வரச் சொன்னேனே தேசம்மா. சொன்னேனே." சாராளுக்குத் திட்டுகிற எண்ணமில்லை. மனசு கேட்காமல் வாயில் வந்துவிட்டது.

"அம்மாவே பாத்துட்டான்னு நெனச்சேன் நர்சம்மா."

சாராள் குழந்தையின் தொடையில் ஊசியை ஏற்றிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

மருந்து சரியானதுதான். கொடுக்க வேண்டிய காலம்தான் தாண்டிப்போயிருந்தது. மறுநாள் வெயில் ஏறுகிற நேரத்தில் பவானி தாயின் மடியிலேயே அடங்கிவிட்டாள். புதைக்கும்போது வசம்பு வளையலைக் கையில் போட்டு அனுப்பினார்கள்.

சடையப்பன் வந்து இறங்கியபோது கையில் கனகாம்பரமும் ஒரு சின்னச் சட்டையும் இருந்தன. ரோசம்மாள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான். தேசம்மா அழவில்லை. அவன் வலது கையைப் பிடித்து இழுத்து உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். வழுவழுவென்று, ஒரு தழும்புகூட இல்லாமல் இருந்தது.

"ஒனக்கு ஒண்ணுமே இல்லாம போயிட்ச்சேய்யா. எல்லாத்தயும் எம் புள்ள வாங்கிக்கினு போயிட்ச்சே."

"நானும் ஆத்தான்னுதான்மே நெனச்சேன். சத்தியமா."

"தெரியும்."

அது தெரிந்ததுதான் அவளுக்குப் பெரிய வேதனை. ஏமாற்றினான் என்றால் காறித் துப்பியிருக்கலாம். நெல்லூர்ப் பக்கத்து விஷயத்தை அவனே சொன்னான், தலையை நிமிர்த்தாமல் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு இரண்டு பேரும் சாராளிடம் போனார்கள், ஊசி போட்டுக்கொண்டார்கள். ரத்தம் சரியாகும்வரை ஒவ்வொரு வாரமும் போனார்கள். அந்த வாரங்களில் அவன் குடிசைக்கு வெளியே லாரியில்தான் படுத்தான். அவளும் உள்ளே கூப்பிடவில்லை.

ரத்தம் சரியாகிவிட்டது, கொஞ்ச காலம் பொறுத்து இன்னொரு பிள்ளைகூடப் பெறலாம் என்று சாராள் சொன்ன தினத்தில், அவன் லாரியைக் கிளப்பப் போகும் நேரம் தேசம்மா பச்சை டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள். கறுப்பு மணியையும் கிலுகிலுப்பையையும் எடுத்துவிட்டுச் சுத்தமாகத் துடைத்திருந்தாள். சடையப்பன் டப்பாவையும் அவள் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"கயித்த அவுத்துடப் போறியா?"

"கயிறு இருக்கட்டும். நீ கட்டினது, ஆத்தா எதுருல கட்டினது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல." டப்பாவை அவன் கையில் வைத்தாள். "பட்டணத்துல ரொப்பினு வா."

"மறுபடியும் தொழிலுக்காமே?"

"இல்ல."

அவன் காலி டப்பாவைத் திறந்து பார்த்தான்.

"அப்ப எனக்கா?"

"ஒனக்குத்தான்" என்றாள் தேசம்மா. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "தாலி கட்டினவன் கிட்ட எவ ரப்பர் கேப்பான்னு கேட்டேனே அன்னிக்கு. அன்னிக்கே ஒங்கிட்ட கேட்டு, ஒன் ரத்தத்தப் பாத்துட்டு அப்புறமா பெத்திருந்தா எம் பொண்ணு இப்ப தவுந்துக்கினு இருக்கும்யா."

சடையப்பன் டப்பாவைத் தன் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். லாரி பட்டணத்துப் பக்கம் போனது. புழுதி அடங்கும்வரை நின்றுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தேசம்மா ஊறப்போட்ட அரிசியை ஆட்ட உள்ளே போனாள்.